பத்து நாள் காத்திருப்பும் ஆறு மாச மாத்திரையும்

1/
பெந்தெகொஸ்தே பண்டிகை நெருங்குது. எங்க தென்மாவட்டத்து சி.எஸ்.ஐ சபைகள்ல காத்திருப்புக் கூட்டங்கள் ஆரம்பிக்கிற நேரம். அரசு மருத்துவமனை டாக்டராவும், அதே சபைகள்ல ஒண்ணுல பிறந்து வளர்ந்தவளாவும் இதைப் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டு இருந்தேன். கொஞ்சம் நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க மக்களே.

2/
தெரியாத நண்பர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். பெந்தெகொஸ்தேன்னா கிரேக்கத்துல "ஐம்பதாவது". ஈஸ்டர்ல இருந்து எண்ணி வர்ற 50-வது நாள். யூதர்களுக்கு அது கோதுமை அறுவடையோட முதற்பலனைக் கொண்டுவர்ற திருநாள். கிறிஸ்தவர்களுக்குப் பரிசுத்த ஆவி இறங்கின நாள், திருச்சபையோட பிறந்தநாள். பெந்தெகொஸ்தே சபைன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு. நான் சொல்றது பண்டிகையை. அதை எல்லா சபையும் கொண்டாடும்.

3/
இயேசு பரமேறினது 40-வது நாள். ஆவி இறங்கினது 50-வது நாள். நடுவுல இருக்கிற பத்து நாள் சீடர்கள் எருசலேம்ல ஒரு மேல்வீட்டறையில கூடி ஜெபம் பண்ணிக் காத்திருந்தாங்க. சுமார் 120 பேர். அதை நினைச்சுத்தான் எங்க ஊர்ல பத்து நாளும் சாயங்காலம் கோயில் மணி அடிக்கும். பாட்டு, சாட்சி, பிரசங்கம், நடுவுல ஒருநாள் உபவாசம், கடைசி ராத்திரி முழு இரவு ஜெபம்.

4/
அந்தப் பத்து நாள்ல நடக்கிற நல்லதை என் கண்ணால பார்த்திருக்கேன். வரப்புத் தகராறுல ஏழெட்டு வருஷம் பேசாம இருந்த அண்ணன் தம்பி ஒரே பாய்ல உக்காந்து அழுவாங்க. டாஸ்மாக்கே கதின்னு கிடந்த ஆளு ஒருத்தர் அந்த வாரம் விட்டவர்தான், இன்னிக்கு வரைக்கும் தொடலை. எங்க மருத்துவமனை கவுன்சலிங் ரூம்ல நாங்க ஆறு மாசம் பேசியும் நடக்காத விஷயம் இது. அதனால யாராவது இதையெல்லாம் கேலி பண்ணா நான் கூட சேர்ந்து சிரிக்க மாட்டேன்.

5/
ஆனா அதே பத்து நாள்லயும், அது முடிஞ்ச அடுத்த வாரத்துலயும் எங்க கேஷுவாலிட்டிக்கு வர்ற கேஸ்களும் எனக்குத் தெரியும்.

இந்தப் பண்டிகை மே 10-க்கும் ஜூன் 13-க்கும் இடையில வரும். பெரும்பாலும் கத்திரி வெயில். தண்ணி கூட குடிக்காம உபவாசம் இருந்து மயங்கி விழுந்த பெரியம்மாக்கள். காலையில சுகர் மாத்திரையைப் போட்டுட்டு அப்புறம் உபவாசத்துல உக்காந்து, சுகர் தாழ்ந்து வியர்த்துக் கொட்டி வர்றவங்க. முழு இரவு ஜெபத்துல தூக்கம் கெட்டு வலிப்பு வர்ற பையன். தூக்கமின்மை வலிப்பைத் தூண்டும். அவன் மாத்திரையையும் அன்னிக்குப் போட்டிருக்க மாட்டான்.

6/
இதெல்லாம் பெரும்பாலும் க்ளுக்கோஸ் ஏத்தி, பேசி, மறுநாள் அனுப்பிடலாம். பயமே மாத்திரையை நிரந்தரமா நிறுத்துறவங்களை நினைச்சுத்தான்.

19 வயசுப் பொண்ணு. சின்ன வயசுல இருந்து டைப் 1 சர்க்கரை நோய். அவங்க உடம்புல இன்சுலின் சுரக்காது, ஊசிதான் உயிர். ஒரு கூட்டத்துல "சுகமாயிட்டே, இனி ஊசி வேண்டாம்"னு சொல்லிட்டாங்க. நாலாவது நாள் மூச்சு வாங்கிக்கிட்டு, வாய்ல பழ வாசனையோட, பாதி நினைவுல தூக்கிட்டு வந்தாங்க. ரத்தத்துல கீட்டோன் அமிலம் ஏறின நிலை. முதலுதவி பண்ணி மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினோம். பிழைச்சுட்டா. இன்னும் சில மணி நேரம் தாமதிச்சிருந்தா நான் இதை வேற மாதிரி எழுதியிருப்பேன்.

7/
இப்போ சொல்லப்போறது காசநோய்க்கு மருந்து எடுத்துட்டு இருந்த ஒருத்தரைப் பத்தி. அவங்க சம்மதத்தோடதான் எழுதுறேன். அடையாளம் தெரியாம இருக்க சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

உப்பளத் தொழிலாளி. நாப்பது வயசு இருக்கும். மனைவியும் அளத்துக்குத்தான் போறாங்க. ரெண்டு பிள்ளைங்க. நுரையீரல் காசநோய்னு கண்டுபிடிச்சு மருந்து ஆரம்பிச்சு மூணாவது மாசம்.

8/
காசநோயோட சூழ்ச்சி என்னன்னா, சில வாரத்துலயே இருமல் குறையும், பசி எடுக்கும், எடை ஏறும். நோயாளிக்குச் சுகம் ஆயிட்ட மாதிரியே இருக்கும். உண்மையில பெருவாரியான கிருமி செத்திருக்கும், கொஞ்சம் மட்டும் தூங்குற மாதிரி பதுங்கி இருக்கும். அதுகளையும் ஒழிக்கத்தான் ஆறு மாசம். முதல் ரெண்டு மாசம் நாலு மருந்து, அடுத்த நாலு மாசம் மூணு மருந்து. நடுவுல விட்டா மிச்சக் கிருமி திரும்பக் கிளம்பும். மருந்துக்கு அடங்காத கிருமியா மாறவும் வாய்ப்பு இருக்கு.

9/
சரியா அந்த "நல்லா இருக்கு" கட்டத்துலதான் காத்திருப்புக் கூட்டம் வந்துச்சு. வெளியூர்ப் பிரசங்கியார் ஒருத்தர் சுகம் பெற்றவங்களை எழுந்திரிக்கச் சொன்னாரு. இவர் எழுந்தாரு. மைக்கைப் பிடிச்சு, "எனக்கு டி.பி. இருந்துச்சு, ஆண்டவர் சுகமாக்கிட்டாரு"ன்னு சாட்சி சொன்னாரு. சபையே அல்லேலூயா சொல்லிச்சு. மறுநாள் மாத்திரையை நிறுத்திட்டாரு.

10/
இதுல டாக்டர்கள் பலருக்குப் புரியாத ஒரு விஷயம் இருக்கு. அவர் பொய் சொல்லல. அவருக்கு நிஜமாவே உடம்பு தேறியிருந்துச்சு. ஊருக்கு முன்னாடி நின்னு சுகமாயிட்டேன்னு சொன்ன மனுஷன், அடுத்த நாள் மாத்திரை முழுங்கினா அந்தச் சாட்சி என்ன ஆகும்? கடவுளையே பொய்யாக்கின மாதிரி ஆயிடும்னு அவருக்குப் பயம். நம்ம அறிவுரை அந்த இடத்துல ஏறவே ஏறாது. டி.பி. சூப்பர்வைசர் ரெண்டு தடவை வீட்டுக்குப் போயும் வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாரு.

11/
அவர் மனைவிதான் ஓபிக்கு வந்தாங்க. "டாக்டரம்மா, நீங்க எங்க ஐயர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு சொன்னாத்தான் இவுக கேப்பாக." எங்க பக்கம் சபைக்குருவை ஐயர்னுதான் சொல்லுவோம்.

ஐயரைப் போய்ப் பார்த்தேன். முழுசா கேட்டாரு. அப்புறம் அவர் கஷ்டத்தைச் சொன்னாரு.

12/
"டாக்டரம்மா, வாலிபப் பிள்ளைங்க பாதிப் பேரு பக்கத்துத் தெரு கொட்டகைச் சபைக்குப் போறாங்க. இங்க உயிர் இல்லைன்னு சொல்றாங்க. இந்த வருஷந்தான் கோயில் நிறைஞ்சிருக்கு. இப்ப நான் எழுந்து மாத்திரை போடுங்கன்னு சொன்னா, ஐயருக்கே விசுவாசம் இல்லைம்பாங்க."

அவர் சொன்னதுல நியாயம் இருந்துச்சு. எழுப்புதல்னு ஒண்ணு வந்தா ஒரு சபைக்கு உயிர் வருது. அதை அணைக்கிற ஆளா இருக்க எந்தப் போதகருக்கும் மனசு வராது.

13/
நான் கேட்டது ஒண்ணுதான். "ஐயா, அப்போஸ்தலர் நடபடிகளை எழுதினது லூக்கான்னு சொல்றோம். பவுல் அவரை வைத்தியர்னுதானே குறிப்பிடுறாரு?"

அவர் சிரிச்சாரு. அப்புறம் அவரே எனக்குத் தெரியாத ஒண்ணை எடுத்துக் காட்டினாரு. தீமோத்தேயுவுக்கு எழுதின ரெண்டாவது கடிதத்தோட கடைசியில, துரோப்பீமு வியாதியா இருந்ததால மிலேத்துவுல விட்டுட்டு வந்தேன்னு பவுல் எழுதுறாரு. அத்தனை பேரைச் சுகமாக்கின பவுல், கூட்டாளியை நோயாளியாவே விட்டுட்டு வர்றாரு. அதுக்காக அவனுக்கு விசுவாசம் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல.

14/
பெந்தெகொஸ்தே ஞாயிறு. கோயில் நிறைஞ்ச கூட்டம். நடபடிகள் ரெண்டாம் அதிகாரத்தை வாசிச்சாங்க. பிரசங்கத்துல ஐயர் சொன்னதன் சாரம் இது: இந்த அதிகாரம் காத்து, நெருப்பு, பல பாஷைன்னு ஆரம்பிக்குது. மூவாயிரம் பேர் ஞானஸ்நானம் வாங்குறாங்க. ஆனா முடியிற இடத்துல பாஷையும் இல்ல, நெருப்பும் இல்ல. இருக்கிறதை வித்து இல்லாதவங்களுக்குக் குடுக்குறாங்க, வீடு வீடா அப்பம் பிட்டுச் சாப்பிடுறாங்க. ஆறாம் அதிகாரத்துல முதல் சண்டை வருது. எதுக்கு? விதவைகளுக்கு தினமும் குடுக்கிற சாப்பாட்டுல சிலரை விட்டுட்டாங்கன்னு. அதைச் சரிபண்ண ஏழு பேரை நியமிக்கிறாங்க.

15/
அப்புறம் அறிவிப்பு நேரத்துல, அங்கிக்குள்ள இருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினாரு. "நான் எட்டு வருஷமா சுகர் மாத்திரை போடுறேன். ஸ்தோத்திரம் பண்ணித்தான் முழுங்குறேன். நம்ம சபையில சுகம் கிடைச்சதுக்குச் சாட்சி சொன்னவங்க எல்லாரும் ஆஸ்பத்திரி சொல்ற நாள் வரைக்கும் மருந்தை முடிங்க. முடிச்ச அன்னிக்கு இன்னொரு சாட்சி சொல்லுங்க, நாங்க கேக்குறோம்."

யார் பேரையும் சொல்லல. அவர் சாட்சியைப் பொய்யின்னும் சொல்லல. திரும்பி வர ஒரு வழி மட்டும் திறந்து விட்டாரு.

16/
அடுத்த வாரம் புருஷனும் பொண்டாட்டியும் ஓபி முடியிற நேரத்துக்கு வந்தாங்க. திரும்பச் சளி எடுத்து ட்ரூநாட்ல பார்த்தோம். முக்கியமான மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு வரல. மருந்தைத் தொடர்ந்தோம். பிள்ளைங்களையும் பரிசோதிச்சு, நோய் இல்லைன்னு உறுதி பண்ணி, தடுப்பு மருந்து ஆரம்பிச்சோம்.

17/
நான் எதிர்பார்க்காதது இதுக்கு அப்புறம் நடந்துச்சு. எங்க சபைகள்ல பிடியரிசின்னு ஒரு பழக்கம் உண்டு. தினமும் உலை வைக்கிறதுக்கு முன்னாடி பொம்பளைங்க ஒரு கைப்பிடி அரிசியைத் தனியா கலயத்துல போட்டு வைப்பாங்க. சேர்ந்ததைக் கோயிலுக்குக் கொண்டு வருவாங்க. பெண்கள் ஐக்கிய சங்கத்துல பேசி, அதுல ஒரு பங்கை அந்தக் குடும்பத்துக்குக் குடுக்க முடிவு பண்ணாங்க. பருப்பு, கடலை, முட்டைக்குத் தனியா காசு போட்டாங்க. யாரும் பாக்காத நேரம் பார்த்து, ஒரு அக்கா வீட்டுக்குப் பின்வாசல்ல கொண்டு போய் வைப்பாங்க.

18/
அது வெறும் தர்மம் இல்ல, மருத்துவம். ஜார்க்கண்ட்ல காசநோயாளிகளோட குடும்பங்களை வெச்சு நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வு 2023-ல லான்செட்ல வந்துச்சு. நோயாளிக்கு மட்டும் இல்லாம குடும்பத்துக்கும் சேர்த்து அரிசி, பருப்புன்னு உணவு குடுத்த வீடுகள்ல, மத்தவங்களுக்குப் புதுசா காசநோய் வர்றது சுமார் 39 சதவீதம் குறைஞ்சது. அந்த அக்காங்களுக்கு இந்த ஆய்வு தெரியாது. அவங்க கையில இருந்தது கலயத்து அரிசி.

19/
எங்க பக்கத்துத் திருச்சபைக்கு இது புதுசும் இல்ல. 1830-ல பாளையங்கோட்டையில ரேனியஸ் காலத்துல, மதம் மாறினதுக்காக ஊரை விட்டுத் துரத்தப்பட்டவங்களுக்கு நிலமும் வீடும் வாங்கித் தர தர்ம சங்கம் ஆரம்பிச்சாங்க. 1860-ல அருளப்பன் தலைமையில திருநெல்வேலிப் பகுதியில பெரிய எழுப்புதல். அந்நிய பாஷை, தரிசனம் எல்லாம் அப்பவே இங்க நடந்திருக்கு. உலகம் பேசுற லாஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெரு எழுப்புதல் அதுக்கு 46 வருஷம் கழிச்சு, 1906-ல. நெருப்பும் இந்த மண்ணுல இருந்திருக்கு, தர்ம சங்கமும் இருந்திருக்கு.

20/
அவர் ஆறு மாசத்தையும் முடிச்சாரு. விட்ட நாட்களையும் சேர்த்து முடிச்சாரு. ஒரு ஞாயிறு எழுந்து ரெண்டாவது சாட்சி சொன்னாரு. ரொம்பச் சின்னது. ஆண்டவருக்கு, ஆஸ்பத்திரிக்கு, அரிசி குடுத்த அக்காமாருக்கு நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு.

எல்லாமே மாறிடலை. அந்தப் பிரசங்கியார் இன்னும் வேற ஊர்ல அதே கூட்டம் நடத்துறாரு. எங்க சபையை விட்டுப் போன வாலிபர்கள் எல்லாரும் திரும்பி வரவும் இல்ல.

21/
இந்த வருஷம் காத்திருப்புக் கூட்டம் நடத்துற போதகர்கள், உபதேசியார்கள், சபைக் கமிட்டியாருக்கு ஒரு டாக்டரோட விண்ணப்பம்:

• இன்சுலின் போடுறவங்க, கர்ப்பிணிகள், சிறுநீரக நோய், வலிப்பு, காசநோய் உள்ளவங்க, தள்ளாத வயசானவங்க டாக்டரைக் கேக்காம உபவாசம் இருக்க வேண்டாம்னு மைக்ல சொல்லுங்க.
• சுகர் உள்ளவங்க உபவாசத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வாங்க. மாத்திரை அளவையும் நேரத்தையும் மாத்தித் தர்றோம். சுகர் 70-க்குக் கீழ போனாலோ 300-ஐத் தாண்டினாலோ உபவாசத்தை முடிச்சிடணும்.
• இந்த வெயில்ல தண்ணி குடிங்க. முழு இரவு ஜெபத்துல ஓஆர்எஸ் பாக்கெட் கொஞ்சம் வையுங்க.
• சுகம் கிடைச்சதுன்னு யார் சொன்னாலும் சந்தோஷப்படுங்க. கூடவே மருந்தை நிறுத்தற முடிவை டாக்டர்கிட்ட விட்டுடச் சொல்லுங்க.

22/
அப்புறம் பண்டிகை முடிஞ்ச திங்கக்கிழமையில இருந்து செய்யக்கூடியது ஒண்ணு. காசநோயாளிக்கு அரசு உணவுக்காக இப்ப மாசம் 1000 ரூபாய் வங்கிக் கணக்குல போடுது. ஒரு குடும்பத்துக்கு அது பத்தாது. நிக்‌ஷய் மித்ரா திட்டத்துல தனிநபரோ, சங்கமோ, கோயிலோ, பள்ளிவாசலோ, சபையோ பதிவு பண்ணி, சம்மதம் தந்த நோயாளிகளுக்கு உணவுப் பெட்டகம் குடுக்கலாம். பக்கத்து அரசு மருத்துவமனை காசநோய்ப் பிரிவுல கேட்டா வழி சொல்லுவாங்க.

உங்க சபை, உங்க தெரு, உங்க ஜமாத், உங்க ஊர்க் கமிட்டி, யாரா இருந்தாலும் சரி. ஆறு மாசத்துக்கு ஒரு வீடு.

இதை உங்க ஊர் ஐயருக்கு, பாஸ்டருக்கு அனுப்பி வையுங்க. எல்லாருக்கும் பெந்தெகொஸ்தே திருநாள் வாழ்த்துகள்.