புல்லட், ஆர்எக்ஸ், விடியற்காலை ரோடு

நெல்லித்தோப்பில் நாங்கள் வளர்ந்த காலத்தில் ரோட்டு ரேஸ் என்றால் அதில் கார் கிடையாது. அமெரிக்கப் படங்களில் பெரிய என்ஜின் வைத்த பழைய மஸ்டாங் ஒரு பக்கமும் எடை குறைந்த ஜப்பான் கார் இன்னொரு பக்கமும் நின்று உறுமும் இல்லையா? அந்தப் படங்கள் இங்கே ஓடுவதற்கு முன்பே அதே பந்தயம் எங்களிடம் இருந்தது. மஸ்டாங் இடத்தில் புல்லட், ஜப்பான் கார் இடத்தில் யமஹா ஆர்எக்ஸ் 100.

புல்லட் யாருடைய வண்டி என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 1955-லிருந்து சென்னையில் செய்யப்பட்ட வண்டி அது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் போனது போக மீதி யாரிடம் இருந்தது? எங்கள் பக்கம் இன்ஸ்பெக்டரிடம், சாராயக் கடையை ஏலம் எடுத்தவரிடம், பாகூர் பக்கம் நிலம் வைத்திருந்தவரிடம். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டாலே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் தாத்தாக்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். வருவது யார் என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். சத்தமே போதும்.

ஆர்எக்ஸ் 1985-ல் வந்தது. 98 சிசி, 11 குதிரைத்திறன், எடை நூறு கிலோ சொச்சம். மில் சம்பளத்தைக் காட்டி லோன் போட்டால் வாங்கிவிடலாம். எங்கள் தெருவுக்கு வந்த முதல் ஆர்எக்ஸ் ஒரு மில் தொழிலாளியின் மகனுடையது. ஒரு வாரம் தெருவே அதைத் துடைத்தது என்று சொன்னால் மிகையில்லை.

இந்திரா காந்தி சிலையிலிருந்து மரப்பாலம் பக்கம் போகும் 100 அடி ரோட்டில்தான் பந்தயம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டு வண்டியும் கிட்டத்தட்ட சமம். புல்லட்டுக்கு 18 குதிரைத்திறன், ஆனால் எடை 160 கிலோவுக்கு மேல். வித்தியாசம் வேறு இடத்தில் இருந்தது. புல்லட்டின் கனமான பிளைவீல் மெதுவாகத்தான் வேகம் எடுக்கும். ஆர்எக்ஸின் டூ-ஸ்ட்ரோக் என்ஜின் கிளட்சை விட்டதும் எகிறும், முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கும். புல்லட் மூன்றாவது கியருக்கு வருவதற்குள் ஆர்எக்ஸ் புகையை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கும். தூரம் கூடினால் புல்லட் நெருங்கிவிடும் என்று புல்லட்காரர்கள் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கலாம். நல்லவேளை, எங்கள் ஊரில் அவ்வளவு நீளமான ரோடு கிடையாது.

அந்த வெற்றி எங்களுக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளுக்குப் புரியவைப்பது கடினம். ஊர்த் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தள்ளிக்கொண்டே நடந்த அப்பன்களின் பிள்ளைகள் நாங்கள். வண்டி ஏறுவது என்பது இந்த நாட்டில் எப்போதுமே சாதி விவகாரம்தான். 1929 அக்டோபரில் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றிக்கொண்டு போக எந்தக் குதிரை வண்டிக்காரரும் முன்வரவில்லை. தீண்டத்தகாதவரை வைத்து ஓட்டுவது அவர்களுக்குக் கேவலம். வண்டியை மட்டும் வாடகைக்கு எடுத்து, ஓட்டிப் பழக்கமே இல்லாத நம் ஆள் ஒருவர் ஓட்டினார். பாலத்தில் வண்டி கவிழ்ந்தது. பாரிஸ்டர் அம்பேத்கர் கல்தரையில் தூக்கி எறியப்பட்டு, கால் எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அது அந்தக் காலம் என்கிறீர்களா? 2025 பிப்ரவரியில் சிவகங்கை மாவட்டம் மேலப்பிடாவூரில் ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதுதான் காரணம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். வெட்டியவர்கள் எந்த உறுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். ஆக்சிலேட்டரைப் பிடிக்கும் கை.

ஆகவே எங்கள் பையன்கள் வண்டியை முறுக்குவதைப் பார்த்து "புள்ளிங்கோ" என்று சிரிப்பவர்களோடு சேர்ந்து எங்களால் சிரிக்க முடியவில்லை. அதற்காக ரோட்டு ரேஸுக்குக் கொடி பிடிக்கவும் முடியவில்லை. ஏன் என்றால், ரேஸ் நடக்கும் நேரம் விடியற்காலை நாலு, நாலரை. அந்த நேரத்தில் 100 அடி ரோட்டில் யார் இருப்பார்கள்? துடைப்பத்தோடும் தள்ளுவண்டியோடும் எங்கள் வீட்டுப் பெண்கள் இருப்பார்கள்.

சில மாதங்களுக்கு முன்பு அது நடந்தேவிட்டது. எங்கள் தெருப் பையன் ஒருவன், பதினேழு வயது, மாமாவின் பழைய ஆர்எக்ஸை எடுத்துக்கொண்டு போனான். எதிரில் நின்றது கேடிஎம் டியூக் 200. வேறு நகரில் இருந்து வந்த, வசதியான வீட்டுப் பையன். டியூக்குக்கு 25 குதிரைத்திறன், ஆறு கியர். பதினொன்றை வைத்துக்கொண்டு இருபத்தைந்தோடு மோதலாமா என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்லியிருப்பார். ஆனால் எங்கள் கதைகளைக் கேட்டு வளர்ந்தவன் அவன். ஆர்எக்ஸ் தோற்காது என்பது இந்தத் தெருவில் கிட்டத்தட்ட வேதவாக்கு.

மீடியன் ஓரம் பெருக்கிக்கொண்டிருந்த அக்கா ஒருவரைத் தட்டிவிட்டு இரண்டு வண்டியும் சரிந்தன. எந்த வண்டி தட்டியது என்று அவருக்கே தெரியவில்லை. இருட்டு. கை எலும்பு உடைந்தது. எங்கள் பையனுக்கு அவர் அத்தை முறை. விழுந்த இடத்திலிருந்து எழுந்து ஓடாமல், "அத்த, அத்த" என்று அழுதுகொண்டே அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அதனால்தான் அவன் முதலில் பிடிபட்டான்.

காலை ஏழு மணிக்கு டியூக் பையனின் அப்பா காரில் வந்தார். பத்து மணிக்குப் பையனோடு போய்விட்டார். எந்த நிலையம் என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வழக்கில் இன்னொரு பிரிவு சேரும். எங்கள் பையனின் அப்பா, அவரும் துப்புரவுப் பணியாளர்தான், இரவு வரை வாசலில் நின்றார். நாங்கள் நாலு பேர் கூட நின்றோம். "உங்க ஆளுங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்டார்கள். "உங்க ஆளுங்க" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று நாங்கள் திருப்பிக் கேட்டதும் குரல் கொஞ்சம் இறங்கியது.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189-ன்படி பொதுச் சாலையில் பந்தயம் விட்டால் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்தில் வந்த 199ஏ இன்னும் கடுமை. ஓட்டியவர் பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. டிரைவர் வேலையை நம்பி இருக்கும் தெருவில் இந்தக் கடைசி வரிதான் பெரிய தண்டனை. போலீஸ் தேர்வுக்குப் படிக்கலாம் என்றிருந்தான். வழக்கு விசாரணைச் சான்று என்று வரும்போது அதுவும் கேள்விக்குறி.

சட்டம் தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. கை உடைந்த அக்காவும் எங்களவர்தான். ஆனால் இரண்டு வண்டி ஓடாமல் ரேஸ் எப்படி நடக்கும்? வழக்கில் ஒரு வண்டிதான் இருக்கிறது. அவன் மட்டும் தன்னந்தனியாகத் தன்னோடே பந்தயம் விட்டானா?

இதே ஊரில் வேறு விதமான வண்டிகளும் உண்டு. புதுச்சேரியில் சாலை வரி குறைவு. கேரளத் திரைப் பிரபலங்கள் சிலர் இங்கே குடியிருப்பதாகப் போலி முகவரி கொடுத்துச் சொகுசுக் கார்களைப் பதிவு செய்தார்கள் என்று 2017-ல் வழக்குகள் வந்தன. எங்கள் பையன்களுக்கு வாடகை வீடு கொடுக்க ஆயிரம் கேள்வி கேட்கும் ஊர் இது. கோடி ரூபாய்க் காருக்கு முகவரி சுலபமாகக் கிடைத்துவிட்டது போலும்.

சென்னைக்குப் போனால் இன்னும் வேடிக்கை. 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் பொதுச் சாலையை மூடி, இரவை விளக்குகளால் பகலாக்கி, பார்முலா 4 பந்தயம் நடத்தினார்கள். தமிழ்நாடு அரசே முன்னின்று நடத்தியது. அந்தச் சுற்றில் சிவானந்தா சாலையும் சேரும். நாம் கோரிக்கை அட்டையோடு போய் நின்று, மாலைக்குள் கலைந்து போகச் சொல்லப்படும் அதே சாலை. அங்கே தடுப்பு, ஆம்புலன்ஸ், டாக்டர், தீயணைப்பு எல்லாம் இருந்தன. பாதுகாப்போடு நடத்தியதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகத்தில் ஆசை வைத்த ஏழைப் பையனுக்கு அதில் எந்த வாசல் என்பதுதான் எங்கள் கேள்வி. ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தளம் இருக்கிறது. தோல் உடை, ஹெல்மெட், போட்டி உரிமம், நுழைவுக் கட்டணம், வண்டியை ஏற்றிப் போகும் வாடகை என்று கூட்டினால், எங்கள் தெருவில் ஒரு குடும்பம் பல மாதம் சாப்பிடலாம்.

இப்போதைக்கு மூன்று கோரிக்கைகளோடு மனு கொடுத்திருக்கிறோம். விடியற்காலை வேலை செய்யும் பெண்களுக்கு ஒளிரும் சட்டை வேண்டும். அவர்கள் பெருக்கும் நேரத்தில் ரோட்டில் தடுப்பு வைக்க வேண்டும். கை உடைந்தவருக்கு வேலைக்கு வராத நாட்களின் கூலி வேண்டும். அவர் ஒப்பந்தத் தொழிலாளி, வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. சட்டை மட்டும் வந்தது. எல்லாம் ஆண்கள் அளவு.

அத்தை சாட்சி சொல்லப் போகிறார். பையனைக் காப்பாற்றப் பொய் சொல்ல மாட்டேன், ஆனால் இரண்டு வண்டி வந்ததைச் சொல்லாமல் விடவும் மாட்டேன் என்கிறார். அடுத்த வாய்தா இந்த மாதக் கடைசியில். அபராதம் என்று வந்தால் 25,000-க்கு எங்கள் தெருச் சீட்டை முன்கூட்டியே எடுத்துக் கொடுப்பதாகப் பேசி வைத்திருக்கிறோம். ஆர்எக்ஸ் நிலைய வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கிறது. அதற்கு இன்று லட்சத்துக்கு மேல் விலை. யாரோ சைடு மிரரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.