புகை போகும் வழி

அப்பாவின் ஆராய்ச்சி வேலைக்காக நாங்கள் கியோட்டோவில் குடியிருந்த காலம். பக்கத்து வீட்டு ஒபாசான், அதாவது அத்தையம்மா, தன் அடுக்களையையே சோற்றுருண்டைக் கடையாக்கப் போகிறார் என்று தெரிந்ததும், பள்ளிக்கூடம் விட்டு வந்து அங்கேயே பழியாய்க் கிடப்பேன். வாசலில் நுழைந்தால் கொல்லைவரை நீளும் மண்தரை நடை. "நம்ம கும்பகோணத்து ரேழியில அடுப்பு வெச்ச மாதிரி இருக்கு" என்பாள் அம்மா. ஒரு பக்கம் ஒகுதோசான் என்னும் மண் அடுப்பு, தள்ளிக் கிணறு, மேலே தடுப்பே இல்லாமல் கூரைவரை வெற்றிடம், கரியேறிய உத்தரங்கள், உச்சியில் வெளிச்சத்துக்கு ஒரு சின்னத் திறப்பு. மழை நாளில் ஈர விறகும் மிசோ என்னும் சோயா விழுதும் தவிட்டில் புதைத்த கத்தரிக்காய் ஊறுகாயும் கலந்து ஒரு வாசம் எழும் பாருங்கள், வீட்டுக்குப் போகவே மனசு வராது.

தலையில் துண்டு கட்டிய தச்சர் கூரைக்குக் கீழே தடுப்புப் போட்டு மூடிவிடலாம் என்றார், குளிருமாம். "புகை எங்கே போகும்?" என்றார் ஒபாசான். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நாற்காலியும் வேண்டாமாம். மண்தரைக்கு மேல் உயர்ந்திருக்கும் மரத்தளத்தின் விளிம்பில்தானே அக்கம்பக்கத்தார் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து கதை பேசுவார்கள், வருகிறவர்களும் அங்கேயே உட்காரட்டும் என்றார். சட்டத்துக்காக வந்த எவர்சில்வர் தொட்டியை மட்டும் மரத்தட்டிக்குப் பின்னால் ஒளித்தார்கள்.

பெயர்ந்த தரைக்கு மண்ணும் சுண்ணாம்பும், உப்பு எடுத்தபின் மிஞ்சும் கசப்பு நீரும் கலந்து கொட்டித் தட்டினார்கள். எனக்கும் ஒரு பலகை தந்தார்கள்; கடையே என் கையில்தான் நிற்கிறது என்ற நினைப்பில், 'தப் தப்' என்று, சாப்பிடக்கூடப் போகாமல் தட்டினேன். அடுப்புக்கு மேலே ஹோதெய் என்னும் சாமியின் பொம்மைகள், தொந்தியைத் தள்ளிக்கொண்டு, சின்னதிலிருந்து பெரியதாய் வரிசையாக நின்றன. ஆண்டுக்கு ஒன்றாய் ஏழு சேர்ப்பது அந்த ஊர் வழக்கம். பக்கத்தில் அதாகோ மலைக் கோயிலின் தீக்காப்புச் சீட்டு. ஜூலை 31 இரவு மலையேறிக் கும்பிட்டால் ஆயிரம் நாள் போன பலன் என்பார் ஒபாசான். கடைக்கென்று புதிதாய் நான் வரைந்து கொடுத்த சிவப்பு மஞ்சள் பலகைப் படம் பாத்திர அலமாரிக் கதவின் உட்பக்கம் இடம்பிடித்தது, அதாவது யார் கண்ணிலும் படாத இடம்.

திறப்பன்று சோற்றுப் பானையின் கனத்த மரமூடியைத் தூக்கியதும் ஆவி உத்தரம்வரை போயிற்று. ஒபாசான் உப்புத் தொட்ட கையால் சோற்றை உருட்டி, உமேபோஷி என்னும் புளிப்பு ஊறுகாய்ப் பழத்தை உள்ளே வைத்து, நோரி என்னும் கடற்பாசித் தாள் சுற்றி நீட்டினார். அடிக்காந்தல் மட்டும் எனக்கு. முதல் ஆளாய் வந்த தச்சர் மூன்றைத் தின்றுவிட்டு, "முதுகு குளிருது, அப்பவே சொன்னேன்" என்றார். ஒபாசான் இன்னொரு கிண்ணம் மிசோ சூப்பை அவர் பக்கம் தள்ளி, அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.