உயரம் எதற்காக?

மினாரா என்னும் அரபுச் சொல்லுக்கு ஒளி தரும் இடம் என்பது பொருள். பள்ளிவாசலின் கோபுரத்தை மட்டுமன்றிக் கலங்கரை விளக்கத்தையும் அச்சொல் குறிக்கும். உயரத்துக்கும் ஒளிக்கும் உள்ள இவ்வுறவை நான் நன்குணர்ந்தது மாமல்லபுரத்துக் குன்றின் மீதுதான்.

கல்பாக்கத்தில் வாழும் எங்களுக்கு மாமல்லபுரம் அருகிலுள்ள ஊர். துபாய்க்கு வேலைக்குப் புறப்படவிருந்த மகனை அழைத்துக்கொண்டு ஒரு விடுமுறை நாளில் அங்கே சென்றேன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் ஆட்சியில் கல்லால் எழுப்பப்பட்ட கலங்கரை விளக்கத்தின் குறுகிய படிகளில் ஏறி, மேல்மாடத்தை அடைந்தோம். கிழக்கே வங்கக்கடல், கரையோரம் 8-ஆம் நூற்றாண்டில் இராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கடற்கரைக் கோயில், மேற்கே பக்கிங்காம் கால்வாய், பக்கத்துப் பாறையின் மேல் ஒலக்கண்ணேஸ்வரர் கோயில். இக்கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன், கப்பல்களுக்கான விளக்கு அக்கோயிலின் உச்சியில்தான் எரிந்தது.

“அத்தா, துபாயில் இருக்கும் புர்ஜ் கலீஃபாவின் உயரம் 828 மீட்டர். 148-ஆம் மாடியில் நின்று ஊரையே பார்க்கலாம். அதற்கு முன் இது எம்மாத்திரம்?” என்றான் மகன்.

“உண்மைதான் மகனே. 2010-இல் திறக்கப்பட்ட அக்கட்டடம், மனிதனுக்கு அல்லாஹ் அருளிய அறிவின் அடையாளம். அதில் ஏறி நீயும் பார்த்து மகிழ வேண்டும். ஆனால் இந்தக் கோபுரம் ஏறிப் பார்ப்பவருக்காகக் கட்டப்பட்டதன்று. இருளில் வரும் முகமறியா மாலுமிக்குக் கரையைக் காட்டக் கட்டப்பட்டது. உன் பெரியத்தா மகன் முதலில் வளைகுடா சென்று வழி காட்டியதனால்தானே இன்று உனக்கு இவ்வேலை அமைந்தது? உனக்குப் பின் வரும் பிள்ளைக்கு நீ வழி காட்ட வேண்டாமா?” என்றேன்.

அவன் மறுமொழி கூறவில்லை. நெடுநேரம் கடலையே நோக்கி நின்றான்.

நாகூர் தர்காவில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங் கட்டிய பெரிய மினாராவின் உயரம் 131 அடி. கடலோடிகள் தொலைவிலிருந்தே அதைக் கண்டு கரையை அறிந்தனர். மன்னரின் மார்க்கம் வேறு. கடலோடிகளுள் பல மார்க்கத்தாரும் இருந்தனர். அடையாளம் அனைவருக்கும் பயன்பட்டது.

பொருளீட்டக் கடல் கடக்கும் நம் பிள்ளைகள் உயர்க! அவ்வுயரத்தைக் கண்டு, பின்தங்கிய ஒரு குடும்பமேனும் கரை சேருமாக! வல்ல ரஹ்மான் அதற்கு அருள்புரிவானாக. ஆமீன்.