வாப்பாவின் பெட்டிச் சிட்டை



கப்பலில் உல்லாசப் பயணம் என்றதும் உங்களுள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். மதரஸாவில் பாடம் சொல்பவனுக்கு இது எதற்கு என்று எங்கள் தெருவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலாக என் உம்மாவைத்தான் காட்ட வேண்டும்.

என் வாப்பா 1967-ல் 'ரஜுலா' கப்பலில் ஏறிப் பினாங்கு சென்றவர். 1926-ல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் 1973 வரை நம் கரைக்கும் மலாயாக் கரைக்கும் இடையே ஓடியது. நாகப்பட்டினத்தில் அது கரையை ஒட்டி நிற்காது. தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் படகேறிச் சென்று அதில் ஏற வேண்டும். 1972-ல், திருமணமான மறு ஆண்டு, அந்தப் படகு புறப்படுவதைக் கரையில் நின்று பார்த்தவர் உம்மா. பிறகு சென்னைத் துறைமுகத்தில் 'சிதம்பரம்' கப்பலுக்கு வழியனுப்பினார். அக்கப்பல் தீ விபத்துக்குள்ளாகி, அத்துடன் அந்தப் போக்குவரத்தே முடிந்தபின், வாப்பா விமானத்தில் போய்வந்தார். 1996-ல் ஊரோடு தங்கிவிட்டார். 2019-ல் இறைவனடி சேர்ந்தார். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ முறை வழியனுப்பிய உம்மா ஒருமுறையேனும் கப்பல் ஏறியதில்லை. "அவங்க இருந்த ஊரைக் கடல் வழியா ஒரு தடவை பார்க்கணும்" என்று 2022-ல் ஒருநாள் சொன்னார். அவர் எதையும் கேட்டுப் பழகாதவர்.

நம் ஊரிலிருந்து பினாங்குக்கு இப்போது பயணிகள் கப்பல் கிடையாது. சிங்கப்பூரிலிருந்து பினாங்கையும் கிள்ளான் துறைமுகத்தையும் தொட்டு மூன்று இரவுகளில் மீளும் உல்லாசக் கப்பல்தான் வழி. கடன் வாங்குவதில்லை என்று முடிவு செய்தேன். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழும் வரலாறும் சொல்லிக்கொடுத்துக் கிடைத்த பணத்தில் மாதம் 6,500 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவந்தேன். இரண்டு ஆண்டுகளில் 1,56,000 சேர்ந்தது. உம்மா, மனைவி, நான் ஆகிய மூவருக்கு அது போதுமா? போதும்படி செய்ய வேண்டியிருந்தது.

முதலில் நாளைத் தேர்ந்துகொண்டோம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை நடக்கும் ஜூனிலும் ஆண்டிறுதியிலும் கட்டணம் ஏறிவிடும். வெள்ளிக்கிழமை புறப்படும் கப்பலைவிட ஞாயிறு புறப்படுவது மலிவு. 2024 பெருநாளை அடுத்து எனக்கு மதரஸா விடுமுறை. ஏப்ரல் மூன்றாம் வாரம் சிங்கப்பூரில் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன. எனவே அந்த ஞாயிற்றுக்கிழமையை முடிவு செய்தோம். சாளரமற்ற உள்ளறையே மிகக் குறைந்த கட்டணம். மூன்றாவது ஆள் அதே அறையில் தங்கினால் இன்னும் குறைவு. மூவருக்கும் துறைமுகக் கட்டணம் சேர்த்து 75,000 ரூபாய் அளவில் முடிந்தது. சாளரமில்லாத அறையில் விடிந்ததும் தெரியாது, அடைந்ததும் தெரியாது. ஃபஜ்ருக்கு அலாரம் வைக்காமல் படுக்காதீர்கள்.

இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நானும் வியந்தேன். கப்பலுக்குள் நுழைந்ததும் விளங்கியது. சூதாட்டக் கூடமும் மதுச் சாலையும் கடைகளும் படப்பிடிப்பாளர்களுமே அவர்களுக்கு வருவாய். அவ்விடங்களை நாடாதவனுக்குக் கடலும் காற்றும் மூன்று வேளை உணவும் ஏறக்குறைய அடக்க விலைக்கே கிடைக்கின்றன. ஆனால் அங்கே ரொக்கம் கைமாறுவதில்லை. ஓர் அட்டை தருகிறார்கள். அதை நீட்டினால் எல்லாம் கிடைக்கும், கடைசி நாள் காலையில் கணக்கு வரும். மளிகைக் கடையில் பற்றுக் கணக்கு வைத்து நொந்தவர்களுக்கு இந்த ஆபத்தை விளக்க வேண்டியதில்லை. நாங்கள் அட்டையை உம்மாவிடம் கொடுத்துவிட்டோம். அவர் அதைச் சுருக்குப் பைக்குள் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டார். அதன்பின் யாருக்கும் எதையும் வாங்கத் தோன்றவில்லை.

அப்படியும் ஒரு செலவு எங்களை மடக்கியது. பணியாளர் அன்பளிப்பு என்று ஆளொன்றுக்கு ஓர் இரவுக்கு இருபது வெள்ளிக்கு மேல் கணக்கில் தானாகவே சேர்ந்திருந்தது. சிங்கப்பூர் வெள்ளி அப்போது 62 ரூபாய் அளவு. மூவருக்கு மூன்று இரவுக்குப் பதினோராயிரத்தைத் தாண்டியது. பயணச்சீட்டின் விலையை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாதீர்கள். இதையும் முன்பே கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று கைப்பேசி. நடுக்கடலில் அது கப்பலின் செயற்கைக்கோள் அலைவரிசையைப் பற்றிக்கொள்ளும். என் மனைவி பிள்ளைகளோடு நான்கே நிமிடம் பேசினாள். ஊர் திரும்பியபின் வந்த தொகை எங்கள் வீட்டு ஒரு மாதப் பால் செலவைவிட அதிகம். கப்பல் கரையை விட்டு நகரும்போதே கைப்பேசியை விமானப் பயண நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

இனிப் பெட்டியைப் பற்றி. அறிவாளி என்று என்னை எண்ணிக்கொண்டு நான் கவிழ்ந்தது இங்கேதான்.

வாப்பாவின் தகரப் பெட்டி இன்றும் எங்கள் பரணில் இருக்கிறது. அதன் மூடியின் உட்புறம் அவர் கையெழுத்தில் ஒரு சிட்டை ஒட்டப்பட்டிருக்கிறது. 1983-ல் கடைசியாகக் கப்பலேறியபோது எழுதியது. இடப்பக்கம் 'பெட்டியில்', வலப்பக்கம் 'கையோடு' என்று இரு தலைப்புகள். பெட்டியில்: கைலி 4, சட்டை 3, போர்வை 1, ஊறுகாய். கையோடு: பாஸ்போர்ட், மருந்து, கைலி 1, துண்டு 1. புறப்படும் முன் உம்மா என்னை அழைத்துப் பெட்டியை இறக்கச் சொல்லி அந்தச் சிட்டையைப் படிக்கச் சொன்னார். நான் சிரித்தேன். "அது அந்தக் காலம் உம்மா. இப்ப எல்லாத்தையும் சக்கரப் பெட்டியில வச்சுட்டா அவங்களே அறைக்குக் கொண்டுவந்து தருவாங்க" என்றேன்.

கொண்டுவந்து தந்தார்கள்தான். எப்போது? சிங்கப்பூர்த் துறையில் பிற்பகலில் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டி வாங்கிக்கொண்டார்கள். ஆயிரக்கணக்கான பயணிகளின் மூட்டைகளோடு எங்களுடையதும் வந்துசேரும்போது இரவு எட்டு மணி. உம்மாவுக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரைகள் அந்தப் பெட்டியில். சாப்பாட்டு மேசையில் அமர்ந்தபின்தான் எனக்கு நினைவு வந்தது. உடல் வியர்த்துவிட்டது. வரவேற்பிடத்துக்கு ஓடினேன். காத்திருக்கச் சொன்னார்கள். கப்பலிலும் மருத்துவர் இருக்கிறார், ஆனால் அவரைப் பார்ப்பதற்கான கட்டணம் எங்கள் கையிருப்பை விழுங்கிவிடும். கலங்கித் திரும்பிய என்னைப் பார்த்து உம்மா ஒன்றும் பேசாமல் சுருக்குப் பையை அவிழ்த்தார். உள்ளே இரண்டு மாத்திரை அட்டைகள், ஐந்து நாளுக்குப் போதுமானவை. "அவங்க எழுதி வச்சதை நீதான் படிச்சே. கேட்டுக்கிட்டது நான்" என்றார்.

ஆகவே வாசகர்களே, மருந்து, பயணச் சான்றுகள், அவற்றின் நகல், மாற்றுடை ஒன்று ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். மற்றவற்றில் பெட்டியின் எடையை நிர்ணயிப்பது கப்பலன்று, விமானம்தான். திருச்சியிலிருந்து செல்லும் மலிவு விமானங்களில் எடைக்குத் தனியே பணம். கட்டணத்தைச் சேமிப்பதற்காகவே மூவருக்கும் சேர்த்து ஒரே பெட்டி வைத்துக்கொண்டோம். இஸ்திரிப் பெட்டி, மின் கெண்டி, ஊதுபத்தி ஆகியவற்றைத் தீ அபாயம் கருதிக் கப்பலில் அனுமதிப்பதில்லை. சமைத்த உணவும் கூடாது. குளிரூட்டிய கூடங்களில் உம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை மிகவும் உதவியது. குமட்டலுக்கென்று நான் வாங்கிய மாத்திரைகள் வீண். மலாக்கா நீரிணையைச் சுமத்திராத் தீவு ஒரு மதில்போல் மறைத்து நிற்பதால் அங்கே பேரலை அரிது.

நுழைவு அனுமதியிலும் கவனம் வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேறி மீண்டும் நுழைவதால், பலமுறை நுழைய உதவும் விசாவே தேவை. நாங்கள் சென்றபோது இந்தியர்களுக்கு மலேசியாவில் விசா விலக்கு இருந்தது. நீங்கள் புறப்படுமுன் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திராது என்பதால் நாங்கள் ஒருநாள் முன்னதாகவே சென்று தங்கை வீட்டில் தங்கினோம்.

தொழுகைக்குத் திசை பார்ப்பதில் ஒரு வேடிக்கை. பினாங்கை நோக்கிப் போகும்போது கிப்லா ஏறக்குறையக் கப்பலின் முகப்புப் பக்கம் சற்று இடதாக அமைகிறது. திரும்பும்போது அது பின்பக்கம் வந்துவிடுகிறது. ஒரே அறை, ஒரே விரிப்பு, நாம் மட்டும் திரும்பிக்கொள்ள வேண்டும்.

பினாங்கில் கப்பல் நிற்கும் சுவெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களை ஒட்டியே இருக்கிறது. கப்பலில் விற்ற சுற்றுலாச் சீட்டை நாங்கள் வாங்கவில்லை. உம்மாவின் நடைக்கு ஏற்ப நின்று நின்று நடந்தோம். 1801-ல் நம் மக்கள் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் லுஹர் தொழுதோம். பிறகு பினாங்கு வீதியில் வாப்பா வேலை பார்த்த பணமாற்றுக் கடையின் எண்ணைத் தேடினோம். இப்போது அங்கே கைப்பேசி உறைகள் விற்கிறார்கள். எட்டடி அகலம்கூட இராது. மேலே ஒரு மரப் பலகணி, அதன் பின்னால் அவர்கள் எட்டுப் பேர் படுத்த அறை.

உம்மா கடையின் முன்னிருந்த ஐந்தடி நடைபாதையில் நீண்ட நேரம் நின்றார். "இவ்வளவு சின்ன இடத்துலயா இருந்தாங்க? கடிதத்துல ஒருதடவைகூட எழுதலையே" என்றார். அதற்கு மேல் பேசவில்லை. கடைக்காரப் பையன் ஒரு முக்காலியை எடுத்துப் போட்டான். அவர் அமர்ந்தார்.

நான்கு மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். வழியில் ஒரு சிறு புட்டி கோடாலித் தைலம் மட்டும் வாங்கச் சொன்னார். வாப்பா ஊர் வரும்போதெல்லாம் தவறாமல் கொண்டுவருவது அது. ஊர் திரும்பிய மறுநாள், பெட்டியைப் பரணிலிருந்து மீண்டும் இறக்கச் சொன்னார். பழைய சிட்டைக்குக் கீழே இடம் விட்டு, எங்கள் பயணத்தின் சாமான் பட்டியலை அதே இரு தலைப்புகளில் எழுதி ஒட்டச் சொன்னார். 'கையோடு' என்பதன் கீழ் முதலில் மருந்து என்று எழுதினேனா என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு சரிபார்த்த பிறகே மூடியைச் சாத்தவிட்டார்.