ராமேஸ்வரத்தில் ஒரே ஓர் இரவு

2018 டிசம்பரில் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகக் காரில் போனோம். நான், மனைவி, மகள், அறுபத்தாறு வயது அம்மா. தங்கும் ஊர்களை நானே முடிவு செய்தேன். புதுச்சேரி, வேளாங்கண்ணி, ராமேஸ்வரம், கன்னியாகுமரி. நான்கு இரவு, நான்கு ஊர். பேர்பெற்ற ஊராக இருக்கவேண்டும், அறை கிடைக்கவேண்டும், அவ்வளவுதான் என் கணக்கு. யாரையும் கேட்கவில்லை.

தரங்கம்பாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது பகல் ஒன்றரை மணி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை, எதிரே கடல். மணலில் கால் வைக்க முடியவில்லை, தெருவில் ஆளே இல்லை. அலை அரித்த மாசிலாமணிநாதர் கோயிலை எட்ட நின்று பார்த்ததோடு சரி. “ராத்திரி இங்கயே தங்கிட்டா என்னப்பா? காலைல சூரியன் இப்படித்தானே வரும்?” என்றார் அம்மா. வேளாங்கண்ணியில் அறைக்குப் பணம் கட்டியாகிவிட்டது என்று சொல்லி வண்டியை எடுத்தேன்.

அம்மா சொன்னதுதான் சரி. கிழக்குக் கரையில் கடல் விழித்திருப்பது விடியலில். சூரியன் தண்ணீரிலிருந்து எழும், படகுகள் கரையேறும், மீன் ஏலம் நடக்கும். எட்டு மணிக்குள் எல்லாம் முடிந்துவிடும். அந்த நேரத்தில் கரையில் நிற்கவேண்டுமென்றால் முந்தைய இரவு அங்கே தங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் வேளாங்கண்ணியிலிருந்து ராமேஸ்வரம், 200 கிலோமீட்டருக்கு மேல். வரைபடத்தில் சாலை கடலை ஒட்டியே போவதுபோல இருந்தது. உண்மையில் நாகப்பட்டினம் தாண்டினால் கடல் எப்போதாவதுதான் கண்ணில் படுகிறது. தென்னை, இறால் பண்ணை, சீமைக் கருவேலங்காடு, குறுக்கே வரும் ஆடுகள். சரபோஜி மன்னர் கட்டிய மனோராவில் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அப்படி விரட்டியும் பாம்பனைத் தொடும்போது இரவு எட்டு மணி ஆகிவிட்டது. அம்மா கண்ணாடியில் முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, “பாலம் வந்துடுச்சா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். பாலத்தின் மேல்தான் போய்க்கொண்டிருந்தோம். இருபுறமும் இருட்டு.

அந்தப் பாலத்தை ஏன் அப்படித் தேடினார் என்பது மறுநாள் காலை தனுஷ்கோடியில்தான் எனக்குத் தெரிந்தது. என் தாத்தா கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தவர். எழும்பூரிலிருந்து வரும் போட் மெயில் ரயிலில் ஏறி, பாம்பன் பாலத்தைக் கடந்து தனுஷ்கோடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார் போவார். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. தாத்தா கப்பலேறிய ஊரை ஒருமுறை பார்க்கவேண்டும் என்பது அன்றிலிருந்து அவர் மனதில் இருந்திருக்கிறது. இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்த்தபின் மணலில் உட்கார்ந்துவிட்டார். கன்னியாகுமரிக்கு இன்னும் 300 கிலோமீட்டர் இருந்தது. இருபத்தைந்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து வந்தார். அந்த ஹாரன் சத்தம் எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போதெல்லாம் ஊர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கிவிடுகிறேன். நான்கு இரவென்றால் இரண்டு ஊர். மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரமுடியாத ஊரில் அறை எடுப்பதில்லை. தரங்கம்பாடி போன்ற சிற்றூர்களில் அறைகள் குறைவு என்பதால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். திருத்தல ஊர்களுக்கு நாட்காட்டியைப் பார்த்துத்தான் கிளம்புகிறேன். வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா. ராமேஸ்வரத்தில் ஆடி, தை அமாவாசைகளில் கால் வைக்க இடமிருக்காது.

அம்மாவுக்கு இப்போது மூட்டுவலி. ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் உட்கார முடிவதில்லை. தனுஷ்கோடிக்கு அவரை மறுபடி அழைத்துப்போக என்னால் முடியவில்லை. உங்கள் வண்டியில் அம்மாவோ அப்பாவோ வருவதாக இருந்தால், அறைக்குப் பணம் கட்டுவதற்கு முன் எந்த ஊரில் இரண்டு நாள் இருக்க ஆசை என்று அவர்களிடம் கேளுங்கள்.