ஒட்டினால் போதுமா?

உசிலம்பட்டிக் கடைவீதியில் 'ஜெராக்ஸ்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. பூ விற்கும் பாட்டிகூட ரேஷன் அட்டையை நீட்டி, "ஒரு ஜெராக்ஸ் போடுய்யா" என்பார். உலர்ந்த எழுத்து என்னும் பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அப்பெயர் பிறந்தது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அண்மையில்தான் அறிந்தோம். அறியச் செய்தது ஒரு விண்ணப்பம்.

எங்கள் தோழி ஒருத்தி கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க அன்றே கடைசி நாள். அவளுடைய தாயார் பூக்கட்டிப் பிழைப்பவர். "நல்ல தாளில் இருக்கட்டும் தம்பி" என்று அவர் கேட்க, கணினிக் கடைக்கார அண்ணன் கெட்டித் தாளில் அச்சிட்டுத் தந்தார். மகளின் பெயரைத் தாயார் ஆசையோடு தடவினார். பெயர் கரும்பொடியாக அவர் விரலோடு வந்துவிட்டது! அவர் முகம் வாடியதைக் கண்டு நாங்கள் திகைத்து நின்றோம்.

"பயப்படாதீங்கம்மா, தாள் கெட்டி. சூடு போதல" என்ற அண்ணன், கெட்டித் தாளுக்குரிய அமைப்பை மாற்றி மறுபடி அச்சிட்டார். தாள் மெதுவாக வந்தது. அழுத்தித் தேய்த்தோம்; ஓர் எழுத்தும் அசையவில்லை. விண்ணப்பம் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் அறிவியல் சிஸ்டரிடம் விளக்கம் கேட்டோம். லேசர் அச்சுப்பொறியில் இருப்பது மை அன்று. கரி கலந்த பிளாஸ்டிக் பொடி. அதன் பெயர் டோனர். உள்ளே சுழலும் உருளைக்கு முதலில் மின்னேற்றம் தருகிறார்கள். லேசர் ஒளி பட்ட இடங்களில் அம்மின்னேற்றம் நீங்க, அங்கே மட்டும் பொடி ஒட்டுகிறது. தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்குகளை இழுப்பதுபோல, எதிர் மின்னேற்றம் பெற்ற தாள் அப்பொடியைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. ஆயினும் அந்நிலையில் அது வாசலில் இட்ட கோலப்பொடிதான், கைபட்டால் கலைந்துவிடும். ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரு உருளைகள் தாளை அழுத்தும்போதே பொடி உருகி, தாளின் இழைகளைப் பற்றிக்கொள்கிறது. கெட்டித் தாள் சூட்டை மிகுதியாக உறிஞ்சுவதால், அதற்குக் கூடுதல் நேரம் வேண்டும்.

1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் செய்ததும் இதுவே. கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, ஒளி பாய்ச்சி, பொடி தூவி, மெழுகுத்தாளில் ஒற்றிச் சூடாக்கினார். பல நிறுவனங்கள் கைவிரித்தும் அவர் தளரவில்லை. 1959-இல் அவர் முறையில் அமைந்த ஜெராக்ஸ் 914 நகலெடுக்கும் இயந்திரம் வெளிவந்தது. 1971-இல் கேரி ஸ்டார்க்வெதர் அம்முறையோடு லேசரை இணைத்து அச்சுப்பொறியை உருவாக்கினார்.

தோழியரே, தேர்வுக்கு முதல்நாள் இரவு விழித்துப் படிக்கும் பாடமும் நம் நினைவில் ஒட்டத்தான் செய்கிறது. வினாத்தாளைக் கண்டதும் உதிர்ந்துவிடுகிறது. நாள்தோறும் சிறிது நேரம், மனம் ஊன்றிப் படிப்போம், படித்தது நிலைக்கட்டும்.