சாய்ந்தமருது வீட்டு வாசலில்

கிளென்ஃபீல்டிலிருந்து நியூ லின்னுக்குக் காரில் அரை மணித்தியாலம்கூட ஆகாது. 2021 செப்ரெம்பர் 3ஆம் திகதி அங்குள்ள அங்காடியில் கத்தியால் பலரைக் குத்தியவர் காத்தான்குடியைச் சேர்ந்தவர், தமிழ் பேசுபவர், நம்மில் பலரைப் போல அகதி அந்தஸ்து பெற்றவர். அவரைப் பின்தொடர்ந்து கண்காணித்துக்கொண்டிருந்த பொலிஸார் சில நிமிடங்களுக்குள் அங்கேயே சுட்டுக் கொன்றனர். குத்துப்பட்டவர்கள் எல்லோரும் உயிர் தப்பினார்கள். ஒக்லாந்து முழுவதும் கொரோனா முடக்கத்தில் கிடந்த நாட்கள் அவை. ஆகவே எங்கள் வாதம் முதலில் தொலைபேசியில்தான் தொடங்கியது. பிறகு கட்டுப்பாடுகள் தளர்ந்ததும், கிளென்ஃபீல்டில் ஒரு நண்பர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேர்ந்தது.

அங்காடியில் பொலிஸார் சுட்டது சரியா என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை. குத்திக்கொண்டிருந்தவனைச் சுட்டார்கள், அவ்வளவுதான். பேச்சு நேரே 2019 ஈஸ்டர் ஞாயிறுக்குப் போயிற்று. மதத்தின் பெயரால் ஆயுதம் எடுத்தவர்கள் மேல் இராணுவத்தை ஏவுவது நியாயமா?

"உவங்களோடை என்ன பேச்சுவார்த்தை? ஆமியை விட்டு அடிச்சு முடிக்க வேணும்" என்றார் யாழ்ப்பாணத்திலிருந்து எண்பதுகளிலேயே வெளிக்கிட்ட ஒருவர்.

"அண்ணை, எங்களைப் பார்த்தும் அவங்கள் இதைத்தானே சொன்னவங்கள்" என்றான் வன்னியிலிருந்து வந்த தம்பி.

"நாங்கள் என்ன, மதத்துக்கே அடிபட்டனாங்கள்?"

அதுவரை பேசாமலிருந்த மட்டக்களப்பு அக்கா நிமிர்ந்தார். "தொண்ணூறாம் ஆண்டு காத்தான்குடிப் பள்ளிவாசலுக்குள்ள தொழுதுகொண்டு நிண்டவங்களைச் சுட்டது எதுக்காகவாம், அண்ணன்?"

மேசை அமைதியாயிற்று. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு அங்கே இரு பள்ளிவாசல்களில் நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் துரத்தப்பட்டார்கள். இரண்டையும் செய்தது புலிகள். இதைச் சொல்லாமல் நாம் இந்த வாதத்துக்குள் இறங்குவது நேர்மையல்ல என்று நினைக்கிறேன்.

ஆனால் அக்கா தம்பியின் கட்சியிலும் இல்லை. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டோடு வந்தவனை வாசலிலேயே மறித்து நின்று, அதனாலேயே செத்துப்போன மனிதரைப் பற்றி அவர் சொன்னார். ஞாயிறுப் பாடசாலை முடிந்து நின்ற பிள்ளைகள் பலர் அங்கே இறந்தார்கள். அரசின் வன்முறை பற்றி மட்டுமே பேசப் பழகிய நம்மில் சிலரிடம் அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிகிற இடம் ஒன்று உண்டு. 2019 ஏப்ரல் 26, சாய்ந்தமருது. வாடகைக்கு எடுத்த வீடொன்றுக்குள் சஹ்ரானின் தகப்பன், சகோதரர்கள், அவர்களின் குடும்பங்கள். வெளியே இராணுவமும் அதிரடிப் படையும். துப்பாக்கிச் சண்டை நடந்தது; உள்ளே இருந்தவர்கள் தங்களைத் தாங்களே வெடிக்க வைத்தார்கள். குறைந்தது பதினைந்து பேர் இறந்தனர். அவர்களில் ஆறு பேர் பிள்ளைகள். அந்த வாசலில் படை நின்றது சரி. நின்றிருக்காவிட்டால் அந்த வெடிமருந்து இன்னொரு தேவாலயத்துக்கோ விகாரைக்கோ போயிருக்கும்.

ஆனால் படையை அந்த வாசலுக்குக் கொண்டுவந்தது யார்? புதிதாகக் குடிவந்தவர்கள் மேல் சந்தேகப்பட்ட ஊர் முஸ்லிம்கள். அதற்கு முன்பும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. 2017இல் காத்தான்குடியில் சூஃபி முஸ்லிம்களைச் சஹ்ரானின் ஆட்கள் தாக்கியபோதே முறையிட்டவர்கள் முஸ்லிம்கள்தான். 2018 நவம்பர் முடிவில் வவுணதீவில் இரு பொலிஸார் கொல்லப்பட்டார்கள். பிடிபட்டது முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர்! கை பழகிய பக்கத்துக்கே போயிற்று. செய்தது சஹ்ரானின் கூட்டம் என்று தெரிய ஈஸ்டர் வரவேண்டியிருந்தது. அவர் வெளியே வந்தது 2019 மே மாதத்தில். இடையில் ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிமருந்து அகப்பட்டது. ஏப்ரல் 4ஆம் திகதி இந்தியாவிலிருந்து எச்சரிக்கையும் வந்தது. 250க்கு மேற்பட்ட உயிர்கள் போனது இராணுவம் இல்லாததாலல்ல; சொன்னதைக் கேட்க ஆளில்லாததால். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பளித்ததும் அதனால்தான்.

பலத்தைப் பாவிக்கும் விதத்திலும் வித்தியாசம் இருக்கிறது. அமிர்தசரஸ் பொற்கோயிலில் இதை இரண்டு தடவை பார்த்தோம். 1984 யூனில், யாத்திரிகர்கள் நிறைந்திருந்த நாட்களில், தாங்கிகளோடு இராணுவம் நுழைந்தது. அகால் தக்த் சிதைந்தது. அதன் பின்விளைவாக இந்திரா காந்தி கொல்லப்பட்டார். டில்லியில் ஆயிரக்கணக்கான சீக்கியர்கள் கொல்லப்பட்டார்கள். 1988 மேயில் அதே கோயிலை முற்றுகையிட்டு, தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, பத்திரிகையாளர்களின் கண்முன்னே காத்திருந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் பெரும்பாலும் சரணடைந்தார்கள். ஆயுததாரிகள் ஒளிந்திருந்த கோயில் ஒன்றுதான். தாங்கியை அனுப்பியதற்கும் காத்திருந்ததற்கும் இடையிலுள்ள தூரம்தான் நியாயத்துக்கும் அநியாயத்துக்கும் இடையிலுள்ள தூரம்.

"நவாலியை மறக்கேலாது" என்றான் தம்பி. 1995 யூலை 9ஆம் திகதி புனித பேதுருவார் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த சனத்தின்மேல் விமானப்படை குண்டு போட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே வாசலில் யாரும் காத்திருக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் பயங்கரவாதித் தலைதான்.

அண்ணை இதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப ஈஸ்டருக்குப் பிறகு பிடிச்சுக்கொண்டு போனது பிழை எண்டுறியளோ?" என்று கேட்டார். ஆம், அங்கேதான் நான் அவரோடு முற்றாகப் பிரிகிறேன். சாய்ந்தமருது வீட்டோடு துப்பாக்கியின் வேலை முடிந்தது. அதற்குப் பிறகு 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம், நம்மை அள்ளிய அதே சட்டம், முஸ்லிம்களை அள்ளிக்கொண்டு போனது. அந்த மே மாதத்திலேயே மினுவாங்கொடையிலும் குருநாகல் பகுதியிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன.

2020 மேயில் பிடிக்கப்பட்ட அஹ்னாஃப் ஜஸீம் ஓர் ஆசிரியர். தமிழில் கவிதை எழுதுபவர். அவர் மீது வைக்கப்பட்ட குற்றங்களில் ஒன்று 'நவரசம்' என்ற அவருடைய கவிதைத் தொகுதி தீவிரவாதத்தைத் தூண்டுகிறது என்பது. ஒன்றரை வருடத்துக்கு மேல் உள்ளே இருந்தார். 2021 டிசம்பரில் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. நம் மொழியில் எழுதப்பட்ட புத்தகம் அது. வாசித்துப் பார்க்க நமக்கு மொழிபெயர்ப்பாளர்கூடத் தேவையில்லை. அண்ணை அதை வாசிக்கவில்லை. மேசையில் இருந்த மற்றவர்களும் வாசித்திருக்கவில்லை.